படுவான்கரைக் கணினிக்கு எழுவான்கரையிலிருந்து ஒரு வழி

களுவாஞ்சிக்குடி,
மார்கழி மாதம்.

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதம் கிடைத்து இரண்டு கிழமைகள் கடந்துவிட்டன. உடனே பதில் எழுதாமைக்குக் காரணம் மழை மட்டுமன்று. நீர் கேட்டிருந்த கேள்விக்கு அவசரத்தில் ஒரு பதிலைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். வயல் பக்கம் தண்ணீர் ஏறி வடிந்துவிட்டது. திருக்கோவிலில் உமது வீட்டாரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் வாசிகசாலைக்குக் கிடைத்த கணினியை வழங்கியாக (சேர்வராக) மாற்றி, அதை வீட்டிலிருந்தபடியே ஓர் இணையப் பக்கத்தின் ஊடாக நிருவகிக்க விரும்புவதாக எழுதியிருந்தீர். கணினி பொருத்தித் தந்த தம்பி, ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசல் ஒன்றைத் திறந்துவிட்டால் போதும், உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம் என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர். முதலாவது எண்ணம் மிக நல்லது. இரண்டாவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர். இந்தக் கடிதம் முழுவதும் அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பற்றியதுதான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மண்டூருக்கு அப்பால் ஒரு வாசிகசாலையில் நாங்கள் வைத்திருக்கும் கணினியை நீர் ஒருமுறை பார்த்திருக்கிறீர். பரீட்சைப் பழைய வினாத்தாள்களும், இணையம் இல்லாமலே வாசிக்கக்கூடிய தமிழ் விக்கிப்பீடியாவின் பிரதியும் அதில் இருக்கின்றன என்பது உமக்குத் தெரியும். நீர் வந்துபோன பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. கூத்துப் பழக்கும் அண்ணாவிமார் சிலர் தங்கள் வீடுகளில் வைத்திருந்த கூத்துக் கொப்பிகளை, வடமோடி, தென்மோடி என்ற இரு வகையிலும், பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அதில் சேர்த்திருக்கிறோம். அரங்கேற்றங்களின் ஒலிப்பதிவுகளும் உண்டு. கறையான் அரித்த ஒரு கொப்பியின் ஒரே பிரதி அந்த வன்தட்டில் இருந்த நாட்களும் இருந்தன. அதனால் அந்தக் கணினி எனக்கு ஒரு பொழுதுபோக்கு அன்று.

ஆரம்பத்தில், தூரத்துக் கணினிக்குள் மறைகுறியாக்கிய இணைப்பில் நுழையும் எஸ்.எஸ்.எச். வழியாகக் கட்டளைகளை எழுதித்தான் அதைப் பார்த்துக்கொண்டேன். அது உறுதியான வழி. இன்றும் எனக்கு அதுவே பழக்கம். ஆனால், கடந்த மாரியில் ஒருநாள் இரவு, வலையமைப்பில் கணினியை அடையாளங்காட்டும் எண்ணான ஐ.பி. முகவரியை இங்கிருந்தபடியே மாற்றும்போது ஓர் இலக்கத்தைப் பிழையாக எழுதிவிட்டேன். அந்தக் கணமே தொடர்பு அறுந்தது. பட்டிருப்புப் பாலத்தால் போகலாம் என்றால் வெல்லாவெளிக்கும் மண்டூருக்கும் இடையில் வீதியில் வெள்ளம் நின்றது. குருமண்வெளித் துறையால் போகலாம் என்றால் காற்று அடங்கும்வரை பாதை, அதாவது வாவியைக் கடக்கும் மிதவைப் படகு, ஓடவில்லை. மூன்று நாட்கள், ஓர் இலக்கத்துக்காக, வாவியின் இக்கரையில், கிழக்கேயுள்ள எழுவான்கரையில், நான் காத்திருந்தேன். அக்கரையில் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை கணினிக்கு முன்னாலேயே இருந்தார்; திரையில் தெரியும் கறுப்பு எழுத்துகளில் எதைத் தொடுவது என்று தெரியாமல் அவரும் காத்திருந்தார். பொறுப்பு முழுவதையும் ஒருவனின் கையில் வைத்திருப்பது எவ்வளவு தவறு என்பதை நான் உணர்ந்தது அந்த மூன்று நாட்களில்தான்.

அதன் பிறகே இணையப் பக்கத்தின் ஊடாக நிருவகிக்கும் கருவிகளைத் தேடிப் பார்த்தேன். இரண்டைப் பற்றி உமக்குச் சொல்வது பயன்படும். ஒன்று வெப்மின். ஜேமி கேமரன் என்பவர் 1997 இல் வெளியிட்ட பழைய கருவி அது. பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. தனக்கென ஒரு சிறிய இணைய வழங்கியைத் தன்னுடனேயே வைத்துக்கொண்டு வழமையாகப் போர்ட் 10000 இல் காத்திருக்கும். அஞ்சல், தரவுத்தளம், பயனர் கணக்கு, கோப்புப் பகிர்வு என்று அதனால் தொடமுடியாத பகுதி குறைவு. கணினியை இயக்கும் தளமான லினக்ஸின் அமைப்புக் கோப்புகளையே அது நேரடியாகத் திருத்துவதால், நாளை நீர் கையால் திருத்தினாலும் முரண்பாடு வராது.

மற்றது கொக்பிட். ரெட் ஹட் நிறுவனத்தாரின் முயற்சியில் வளர்ந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் சொந்தக் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது. போர்ட் 9090 இல் திறக்கும். ஒருவர் உலாவியில் அழைக்கும்போது மட்டுமே விழித்தெழுந்து, வேலை முடிந்ததும் ஓய்ந்துவிடும் என்பதால் எங்கள் பழைய கணினிக்கு அது சுமையாக இருக்கவில்லை. தனக்கென்று தனிப் பயனர் பட்டியல் எதையும் வைத்திருப்பதில்லை. கணினியில் ஏற்கெனவே உள்ள கணக்கைக் கொண்டே உள்ளே விடுகிறது, அந்தக் கணக்குக்கு உரிய அதிகாரத்துக்கு மேல் ஒன்றையும் தருவதில்லை. வசதிகளின் எண்ணிக்கையில் வெப்மின்னுக்கு அது நிகரன்று. ஆயினும் நான் கொக்பிட்டையே தெரிவு செய்தேன். அதற்கு முதற்காரணம், வலையமைப்பு முகவரியை அதன் ஊடாக மாற்றும்போது, மாற்றத்தினால் தொடர்பு அறுந்துபோகுமானால் அது சற்றுநேரம் சோதித்துப் பார்த்துவிட்டுப் பழைய நிலைக்குத் தானாகவே திரும்பிவிடுகிறது. என் மூன்று நாள் காத்திருப்பு அங்கே சில விநாடிகளில் முடிந்திருக்கும். இந்த வசதி நெட்வொர்க் மேனேஜர் என்ற மென்பொருளின் கையில் இணைப்பு இருந்தால் மட்டுமே கிடைக்கும். டெபியனை வழங்கியாக நிறுவும்போது பெரும்பாலும் இணைப்பு பழைய முறைப்படி வேறொரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அதை முதலில் மாற்றிக்கொள்ளும், அதுவும் கணினிக்கு முன்னால் இருந்துகொண்டு மாற்றும்.

ஆசிரியைக்கு ஒரு சாதாரணக் கணக்கைத் திறந்து கொடுத்தேன். நிருவாக அதிகாரம் இல்லாத கணக்கு. அவர் எதையும் கெடுத்துவிட முடியாது, ஆனால் வன்தட்டில் எவ்வளவு இடம் மீதி, நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எந்தச் சேவை நின்றுபோயிருக்கிறது என்பவற்றைப் பார்க்க முடியும். அவர் அதைப் பார்க்கத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில், ஒலிப்பதிவுகள் வைக்கும் வன்தட்டு நிரம்பப் போகிறது என்று எனக்கு முன்பே கண்டு சொன்னவர் அவர்தான். அந்தத் தொலைபேசி அழைப்பு எனக்குத் தந்த நிறைவை உமக்கு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. அந்தக் கணினியை நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லக்கூடியதாக அன்றுதான் ஆனது.

இனி, திறந்த போர்ட் பற்றி. நிருவாகப் பக்கம் என்பது மற்றைய இணையப் பக்கங்களைப் போன்றதன்று. கொக்பிட்டின் ஓரத்தில் டெர்மினல் என்றொரு பகுதி இருக்கிறது. அதை அழுத்தினால் கட்டளை எழுதும் திரை வரும். ஆகவே அந்தப் பக்கத்துக்குள் நுழைந்தவர் கணினிக்குள்ளேயே நுழைந்துவிட்டார். கடவுச்சொல் இருக்கிறதுதானே என்று நீர் கேட்கலாம். வெப்மின்னுக்கு நேர்ந்ததை அதற்குப் பதிலாகச் சொல்கிறேன்.

2018 ஏப்ரலில், வெப்மின்னை உருவாக்கி வெளியிடும் கணினிக்குள் யாரோ புகுந்து, கடவுச்சொல் மாற்றுவதற்கான கோப்பில் ஒரு பின்கதவை, அதாவது இரகசியமாக உள்ளே நுழையும் வழியைச் சேர்த்துவிட்டார்கள். கோப்பின் திகதியையும் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தபடியால் மாற்றம் கண்ணில் படவில்லை. பதிப்பு 1.890 அந்தப் பின்கதவுடனேயே வெளியானது. பின்னர் அந்தக் கணினியை அகற்றிப் புதியதொன்றை வைத்தபோதும், பழைய காப்புப் பிரதியிலிருந்து கோப்புகளை எடுத்து வைத்ததால் கெட்ட கோப்பும் கூடவே புதிய இடத்துக்குக் குடிபுகுந்தது. 2019 ஓகஸ்டில் பகிரங்கமாகும்வரை, ஓராண்டுக்கும் மேலாக, அது அங்கேயே இருந்தது. அம்மாதமே வந்த 1.930 இல்தான் அகற்றப்பட்டது. 1.890 ஐ நிறுவியிருந்தவர்களின் பக்கத்துக்குள் கடவுச்சொல்லே தெரியாமல் கட்டளை அனுப்ப முடிந்தது. அதற்குப் பின் வந்த பதிப்புகளில், காலாவதியான கடவுச்சொல்லை மாற்றக் கேட்கும் வசதி இயக்கப்பட்டிருந்தால் மட்டும் அது சாத்தியமாயிற்று.

இதை வெப்மின்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. நடந்ததை அவர்கள் மறைக்காமல் எழுதி வைத்ததால்தான் நாம் இன்று படிக்க முடிகிறது. கொக்பிட்டிலும் நாளை ஒரு பிழை காணப்படலாம். நான் சொல்ல வருவது இதுதான்: எவ்வளவு நல்ல கடவுச்சொல்லும் மென்பொருளின் பிழைக்கு முன்னால் நிற்காது. அந்த நாளில் அந்தப் பக்கம் யாருக்கெல்லாம் எட்டக்கூடியதாக இருந்தது என்பதே காப்பாற்றும். திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுவதையும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. திருக்கோவில் வாசிகசாலை சிறியது என்பது அவற்றுக்குத் தெரியாது.

தம்பி சொன்ன வழி உங்கள் இடத்தில் வேலை செய்வதும் சந்தேகமே. சிம் போடும் 4ஜி ரவுட்டர் என்று எழுதியிருந்தீர். அவ்வாறான இணைப்புகளில் பெரும்பாலும் பலருக்கும் பொதுவாக ஒரே வெளி முகவரிதான் இருக்கும். ரவுட்டருக்கு உள்ள முகவரி 100.64 இலிருந்து 100.127 வரையான எண்களில் தொடங்கினால், அது அப்படிப் பகிர்வதற்கென 2012 இல் ஒதுக்கப்பட்ட முகவரி. அங்கே போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும், நீரும்கூட, உள்ளே வர முடியாது. 10 இல் தொடங்கினாலும் அதே கதிதான்.

எங்கள் இணைப்பும் அப்படித்தான். ஆகையால் வெளியிலிருந்து உள்ளே போக முயலாமல், உள்ளேயிருக்கும் கணினியையே வெளியே அழைக்க வைத்தேன். மாதக் கட்டணத்தில் மிகச் சிறிய வழங்கி ஒன்றை வெளியில் வாடகைக்கு எடுத்து, அதற்கும் மண்டூர்க் கணினிக்கும் எனது மடிக்கணினிக்கும் இடையில் வயர்கார்ட் என்ற மறைகுறியாக்கிய சுரங்கப் பாதையை அமைத்தேன். 2020 இல் வெளியான 5.6 ஆம் பதிப்பிலிருந்து அது லினக்ஸின் மையப் பகுதியான கருவிலேயே (கேர்னலிலேயே) சேர்ந்திருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த குணம், சரியான சாவி இல்லாதவர் தட்டினால் அது பதிலே சொல்வதில்லை. அங்கே ஒரு வாசல் இருப்பதே தெரியாது. 25 விநாடிகளுக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தியை அனுப்பும்படி மண்டூர்க் கணினியில் குறித்துவிட்டால், ரவுட்டர் அந்த வழியை மறந்துவிடாமல் வைத்திருக்கும். பிறகு, யார் உள்ளே வரலாம் என்று தடுத்துப் பார்க்கும் தீச்சுவரில் (ஃபயர்வால்), போர்ட் 9090 க்குச் சுரங்கத்தின் வழியாக வருபவரையும் ஆசிரியையின் மேசையிலுள்ள கணினியையும் மட்டும் அனுமதித்தேன். வாசிகசாலையின் வைஃபையில் பிள்ளைகளும் இருப்பதால் உள்ளிருந்து வரும் எல்லோரையும் அனுமதிப்பதும் சரியன்று. கொக்பிட், தான் இன்ன கணினி என்று காட்டத் தானே தயாரித்த சான்றிதழைக் காட்டும்போது உலாவி எச்சரிக்கை செய்யும். அந்தச் சான்றிதழின் கைரேகை எண்ணை ஒரு தாளில் எழுதி ஆசிரியையிடம் கொடுத்து, முதல் தடவை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஏற்கச் சொன்னேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று நடந்தது. அதையும் எழுதாவிட்டால் நீரும் அதிலேயே போய் விழுவீர். ஐப்பசியில் ஒருநாள் இடி மின்னலோடு மின்சாரம் போனது. வந்த பிறகு கணினி தானாக எழவில்லை. ஆசிரியை பொத்தானை அழுத்தி எழுப்பினார். கொக்பிட் அவருக்குத் திறந்தது, ஆனால் எனக்குச் சுரங்கம் திறக்கவில்லை. இரண்டு நாட்கள் சாவிகளையும் தீச்சுவரையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசியில் ஆசிரியைதான், பக்கத்தில் தெரியும் திகதி பழைய ஆண்டொன்றைக் காட்டுகிறது என்றார். தாய்ப்பலகையில் இருக்கும் காசு அளவிலான மின்கலம் செத்திருந்தது. அதனால் மின்சாரம் வந்ததும் தானே எழ வேண்டும் என்று நான் வைத்திருந்த அமைப்பும் அழிந்தது, கடிகாரமும் பின்னே போனது. தொடர்பைத் தொடங்கும் ஒவ்வொரு கைகுலுக்கலிலும் வயர்கார்ட் நேரத்தை அனுப்புகிறது. முன்பு வந்ததைவிடப் பழைய நேரத்தோடு வருவதை மறுமுனை ஏற்காது, யாரோ பழைய செய்தியைத் திருடித் திரும்ப அனுப்புகிறார் என்றே கொள்ளும். கடிகாரத்தை இணையத்தோடு ஒத்திசைக்கும் சேவையை நிறுவாமல் விட்டது என் தவறு. சி.ஆர். 2032 என்ற மின்கலம் எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும். முதல் வேலையாக அதை மாற்றும். ஒத்திசைவுச் சேவையையும் நிறுவும்.

பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் தானாக நடக்கும்படி விட்டிருக்கிறேன். கூத்துக் கொப்பிகளின் இரண்டாவது பிரதி இப்போது என் வீட்டிலும், மூன்றாவது மட்டக்களப்பில் ஒரு நண்பரிடமும் இருக்கிறது. அவற்றை எடுத்துத் திறந்து பார்த்தும் வைத்திருக்கிறேன்.

தைப்பொங்கல் கழிந்ததும் இரண்டு நாட்கள் திருக்கோவிலுக்கு வருகிறேன். அதற்கு முன்னர் உமது ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, வெளி முகவரி என்று என்ன எண் காட்டுகிறது என்பதைப் பார்த்து எழுதும். கணினியைப் பார்த்துக்கொள்ள உம்மோடு இன்னொருவர் யார் என்பதையும் எழுதும். நான் வரும்போது அவரும் கூடவே இருக்க வேண்டும். மின்கலத்தை நானே வாங்கி வருகிறேன்.

இப்படிக்கு,
உமது பழைய நண்பன்.