கரையில் பாடாத பாட்டுகளுக்கு ஒரு மணி நேரம்

பாம்பன் கடல் ஓசை 90.4 பண்பலை நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்டு இதை எழுதுகிறேன். பிடிக்கும் என்று வெளியே சொல்லக் கூச்சப்படுகிற பழைய சினிமாப் பாட்டுகளுக்காக.

என் சித்தி இருபது வருடத்துக்கு மேல் கடல்பாசி எடுக்கப் போனவர். சின்ன வயதில் ஒரு லீவு நாளில் என்னையும் கூட்டிப்போனார். விடியுமுன் வல்லம் என்கிற நாட்டுப்படகில் பத்துப் பெண்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, விரல்களில் சுற்றிய துணி. கரை மறைகிற வரை பேச்சுக்கூட இல்லை. அப்புறம் ஒருவர் 'எலந்தபயம்' பாட்டை எடுத்தார். மற்றவர்கள் பலகையில் தாளம் தட்டினார்கள். வீட்டில் சத்தமாகச் சிரித்தே நான் பார்த்திராத சித்தி, தோளை ஆட்டி ஆட்டிப் பாடினார். திரும்பும்போது கரை தெரிந்ததும் பாட்டு நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அது 1968-இல் வந்த 'பணமா பாசமா' படப் பாட்டு. கே.வி. மகாதேவன் இசை. முகம் சுளித்தவர்கள் அப்போதே உண்டு. பாடியவர் எல்.ஆர். ஈஸ்வரி. அதே குரல் ஆடி மாதம் 'கற்பூர நாயகியே' என்று கோயில் குழாயில் வரும்போது ஊரே கைகூப்புகிறது. ஒரே குரலில் பாதியைக் கும்பிட்டு, மீதியை ஒளித்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆண்களுக்கும் கூச்சம் உண்டு, ஆனால் அழுகைப் பாட்டில். என் மாமா விசைப்படகு ஓட்டியவர். 'ஒரு தலை ராகம்' படத்தின் 'வாசமில்லா மலரிது' கேட்டால் கண் கலங்கிவிடும். யாராவது வந்தால் டேப்பை அணைத்துவிடுவார். கேசட் பதியக் கொடுக்கும்போது மட்டும் பட்டியலின் நடுவில், கடைக்காரர் கவனிக்காத இடத்தில், அதை எழுதி வைப்பார்.

அப்புறம் 'சுராங்கனி'. ஏ.ஈ. மனோகரன் பாடிப் பரப்பியது. இளையராஜா 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள் கொண்டுவந்தார். அதில் வரும் மாலு என்பது சிங்களத்தில் மீன். மீன் கொண்டுவந்ததைச் சொல்லும் ஒரு பாட்டு, இலங்கையிலிருந்து நம் கரைக்கு வந்து கல்யாண வீடுகளில் ஆடியது. இதைவிட நமக்குச் சொந்தமான பாட்டு எது? அதைப் போய் குடித்தவர்கள் பாட்டு என்று ஒதுக்கினோம்.

இலங்கை வானொலி நம் வீடுகளில் தெளிவாகக் கேட்ட காலத்தில் படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று எல்லாம் சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். துள்ளல் பாட்டுக்கும் அதே மரியாதை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். கிண்டலாக அறிமுகம் செய்ய வேண்டாம். அந்த ஒரு சிரிப்பு போதும், போனில் பாட்டுக் கேட்டவர் மறுபடி போன் எடுக்கமாட்டார். பெயர், ஊர் எதையும் கேட்காதீர்கள். பெண்களைக் கேவலப்படுத்தும் பாட்டுகளும் அந்தக் காலத்தில் நிறைய உண்டு. அவை வேண்டாம். எது அப்படிப்பட்டது என்பதைப் பெண்களே முடிவு செய்யட்டும். 'ஆட்டமா தேரோட்டமா'வில் சொர்ணலதாவின் குரல் மேலே ஏறும் வேகத்தை ஒரு தடவை முழுசாகக் கேட்கவிடுங்கள், வெட்டாமல். இடையில் 'விதி' படத்தின் கோர்ட் வசனமும் வரட்டும். 1984-இல் அந்த வசன கேசட் ஓடாத டீக்கடை ஏது?

மீன்பிடித் தடைக்காலத்தில் ஆரம்பித்தால் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். வலை பின்னுகிறவர்கள், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள், கையில் காசில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் கரையில்தான் இருப்பார்கள். அலை உயரமும் காற்றின் வேகமும் சொல்கிற உங்கள் குரலை நம்பி வாழ்கிறவர்கள் அவர்கள். அந்தக் குரல் ஒரு பாட்டை மதித்துச் சொன்னால், இங்கே அதற்கு மதிப்பு வந்துவிடும்.

சித்திக்கு இப்போது முட்டி வலி, கடலுக்குப் போவதில்லை. இந்த மடலைப் படித்துக் காட்டினேன். அவருக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்று எழுதவா என்றேன். வேண்டாமாம். நேரத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள், போனில் அவரே கேட்டுக்கொள்கிறாராம்.

அன்புடன்,
மண்டபம் பக்கத்து நேயர் ஒருவர்