எதிரணியில் சித்தப்பா

அன்பு மகனுக்கு,

குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீ வெளியேறியதைப் பற்றி யாரும் என்னிடம் வந்து குறை சொல்லவில்லை. சித்தப்பாவும் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே இருவரும் குரலை உயர்த்திவிடுவோம், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும்.

அரசியல் பேசாதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன் கொள்கையை விட்டுக்கொடு என்றும் நான் சொல்லப்போவதில்லை. அன்று நீ எழுதியதில் முக்கால்வாசி எனக்கும் சம்மதம்தான். சித்தப்பா அனுப்பிய அந்த வீடியோ பொய் என்று நீ ஆதாரத்தோடு காட்டியபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடுத்து நீ எழுதிய கடைசி வரியை என்னால் தாங்க முடியவில்லை. “உங்களைப் போன்றவர்கள் ஒழிந்தால்தான் நாடு உருப்படும்.” அவர் உன்னைப் “படித்த திமிர்” என்று சொன்னது தப்பு. அதை அவரிடம் நானே சொல்லிவிட்டேன். அதற்காக நீ எழுதியது சரியாகிவிடாது. ஒருவர் பேசுவது பிடிக்கவில்லை என்பது வேறு, அவர் இருப்பதே பிடிக்கவில்லை என்பது வேறு. அந்த ஒரு வரியில் நீ முதலாவதை விட்டு இரண்டாவதற்குப் போய்விட்டாய்.

உன் அப்பாவும் சித்தப்பாவும் எனக்குத் தெரிந்து ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டதே இல்லை. ஓட்டுப் போட மட்டும் ஒரே ஸ்கூட்டரில் போவார்கள். நீ காலேஜில் சேர்ந்தபோது கல்விக் கடனுக்கு பேங்கில் ஜாமீன் கையெழுத்து கேட்டார்கள். அது தேர்தல் நேரம். முந்தின இரவுதான் இருவருக்கும் பெரிய வாக்குவாதம். சித்தப்பா சாப்பிடாமலே எழுந்து போனார். அவர் வரமாட்டார் என்றே நான் நினைத்தேன். காலையில் பேங்க் திறக்கும் முன்பே சம்பளச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். மேனேஜர் காட்டிய இடத்திலெல்லாம், பக்கம் பக்கமாக, ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். நீ கட்டத் தவறினால் தன் சம்பளத்தில் கை வைப்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வெளியே வந்ததும் அப்பாவிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, “நேத்து நீ சொன்ன கணக்கு தப்புண்ணா.” சண்டையை விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்.

நன்றிக்கடனுக்காகப் பொறுத்துப் போ என்று அம்மா சொல்கிறாள் என நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. கையெழுத்துப் போட்டவர் என்பதால் அவர் சொல்வது உண்மையாகிவிடாது. நான் சொல்ல வருவது, அந்த அளவுக்குச் சண்டை போட்டுக்கொண்டும் மனிதர்களால் சேர்ந்து இருக்க முடிந்தது என்பதுதான். அது அவர்களுக்குக் கொள்கைப் பிடிப்பு குறைவு என்பதால் இல்லை.

ராஜாஜியையும் பெரியாரையும் எடுத்துக்கொள். அவர்களுக்குள் இருந்தது பேச்சுக்கான வேறுபாடு இல்லை, உயிர்நாடியான வேறுபாடு. ராஜாஜி சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்து பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். அதை எதிர்த்துப் போராடி, அவர் ஆட்சியிலேயே 1938இல் பெரியார் சிறைக்குப் போனார். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்து பெரியார் அதை விடாமல் எதிர்த்தார். மறு வருடம் ராஜாஜி பதவி விலகினார், திட்டமும் போனது. பெரியார் அதில் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றிருக்கும்! அதே பெரியார், 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது, 93 வயதில், சக்கர நாற்காலியில் சுடுகாடு வரைக்கும் வந்து எல்லார் முன்னாலும் அழுதார். பொதுவாழ்வில் எதிரும் புதிருமாக இருந்த காலம் முழுக்க அவர்கள் நட்பு அறுந்துபோகவில்லை. உன் வயதில் நான் இதை மேடை நாகரிகம் என்று நினைத்ததுண்டு. இப்போது எனக்கு அது அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அந்தத் திட்டத்தைத் தோற்கடிக்க ராஜாஜியை வெறுத்தாக வேண்டும் என்ற அவசியம் பெரியாருக்கு இருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நீ கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1967 தேர்தலில் ராஜாஜி யார் பக்கம் நின்றார்? திமுக பக்கம். ஒரு காலத்தில் இந்தியைக் கொண்டுவந்தவரே இந்தித் திணிப்பை எதிர்ப்பவராகியிருந்தார். குலக்கல்வியை எதிர்த்து தெருவில் இறங்கிய கட்சி அவரோடு கூட்டணி வைத்தது. பெரியாரோ காமராஜரை ஆதரித்து காங்கிரசுக்காகப் பிரசாரம் செய்தார். வென்ற அண்ணா என்ன செய்தார்? 1949இல் தான் பிரிந்து வந்த, அந்தத் தேர்தலிலும் தன்னை எதிர்த்த பெரியாரைத் தேடி திருச்சிக்குப் போனார். தலைவர்கள் இப்படி இடம் மாறிக்கொண்டார்கள், கைகுலுக்கிக்கொண்டார்கள். அதில் எனக்குக் குறை இல்லை, அரசியல் அப்படித்தான் நகரும். ஆனால் 1967க்கு முன்னால் இவர்களை நம்பித் தன் அண்ணன் தம்பியோடு பேச்சை நிறுத்தியவன் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா, அவனை நினைத்துப் பார். தலைவர்களுக்குக் கூட்டணி மாறிவிட்டது. அவன் வீட்டில் நின்றுபோன பேச்சை யார் தொடங்கி வைத்தார்கள்?

அதனால்தான் நமக்கு அமைந்திருக்கும் ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசே சம்பளம் கொடுக்க வேண்டும் என்று 1977இல் சட்டம் போட்டார்கள். ஆள்பவரை எதிர்த்துப் பேசுவதற்கு ஆள்பவரின் கஜானாவிலிருந்தே பணம்! அரசின் செலவுக் கணக்கை ஆராயும் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரரே தலைவராக இருப்பது 1967 முதல் வழக்கம். எதிரணி என்பது ஒழிக்க வேண்டியது என்று நினைத்திருந்தால் இதையெல்லாம் யாராவது செய்திருப்பார்களா? தப்பைக் கண்டுபிடிக்க நம்மைப் பிடிக்காத ஒருவர் வேண்டும். உன் பேச்சிலிருக்கும் ஓட்டையை உன் நண்பர்கள் சொல்லமாட்டார்கள். சித்தப்பா சொல்வார்.

உன் கோபம் முழுக்க உன்னுடையதுதானா என்றும் எனக்கு ஒரு சந்தேகம். 1970 வாக்கில் ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் இங்கிலாந்தில் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். சில ஓவியங்களைக் காட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டு, அதன்படி இரண்டு அணி என்று சொன்னார்கள். உண்மையில் குருட்டாம்போக்கில்தான் பிரித்திருந்தார்கள். தன் அணியில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குப் பணம் பங்கிட்டுத் தரச் சொன்னார்கள். தன் அணிக்கு அதிகம் கொடுத்ததில் ஆச்சரியம் இல்லை. தன் அணிக்குக் கிடைப்பது குறைந்தாலும் பரவாயில்லை, எதிர் அணியைவிட மேலே இருந்தால் போதும் என்று பலர் பங்கிட்டார்கள். இதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. ஓவியத்துக்கே இப்படி என்றால், சாதியும் மதமும் மொழியும் கலந்த அரசியலில் மனசு என்ன பாடுபடும்?

அந்த மனசை வைத்துச் சம்பாதிப்பவர்களும் இருக்கிறார்கள். 2017இல் பேஸ்புக், ஒரு கோப முகத்துக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு எடை கொடுத்து, அதை வைத்து யாருக்கு எதைக் காட்டுவது என்று முடிவு செய்தது. பிற்பாடு அவர்களே அதைக் குறைத்து, கடைசியில் பூஜ்யமாக்கிவிட்டார்கள். ஆனால் கோபம் வந்தால் கை அதிக நேரம் போனில் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. உனக்கு வரும் வீடியோவில் எதிர்க்கட்சிக்காரர்களில் மிக மோசமானவன்தான் வருகிறான். சித்தப்பாவுக்கு வரும் வீடியோவில் உங்கள் பக்கத்து மோசமானவன் வருகிறான். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தா சண்டை போட்டீர்கள்? யாரோ இரண்டு பேருக்காகப் போட்டீர்கள்.

இங்கே நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். “என்னை மனுஷனாகவே மதிக்காதவனோடும் சிரித்துப் பேச வேண்டுமா அம்மா?” வேண்டாம். பிறப்பை வைத்து ஒருவரைத் தாழ்த்துபவனோடு நட்பு பாராட்டு என்று யாருக்கும் சொல்ல எனக்கு உரிமை இல்லை, உனக்கும் சொல்லமாட்டேன். அடிபட்டவரிடம் போய், நீதான் முதலில் கை நீட்ட வேண்டும் என்று சொல்வது கொடுமை. அப்படிப்பட்டவனை எதிர்க்க வேண்டும், சட்டம் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, போராட்டம் இருக்கிறது. அங்கேயும் ஒரே ஒரு கோட்டை மட்டும் தாண்டாதே என்பேன், மனிதர் என்ற கணக்கிலிருந்து அவனை எடுத்துவிடாதே. 1994இல் ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் ஒரு வானொலி, அங்கே சிறுபான்மையினரான துட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று திரும்பத் திரும்பச் சொன்னது. நூறு நாளுக்குள் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள், பலர் பக்கத்து வீட்டுக்காரர்களின் கையாலேயே. “ஒழியட்டும்” என்று எழுதும் எல்லாரும் கத்தி எடுப்பதில்லை, நீ கனவிலும் எடுக்கமாட்டாய். ஆனால் எடுப்பவனுக்கு அந்தப் பேச்சு தைரியம் தருகிறது. அதனால்தான் அந்த வரி உன் கையிலிருந்து வந்தது எனக்கு அவ்வளவு வலித்தது.

சித்தப்பா அந்த வகை ஆளும் இல்லை, அது உனக்கே தெரியும். அவர் பயந்து போயிருக்கிறார், அவ்வளவுதான். தனக்குத் தெரிந்த உலகம் கையை விட்டுப் போவதாக நினைக்கிறார். அதில் பாதி கற்பனை, பாதி நிஜம். நீ தகவலை மறுத்தாய், பயத்தை என்ன என்று கேட்கவே இல்லை.

அமெரிக்காவில் 2008 அதிபர் தேர்தலின்போது, ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிட்ட ஜான் மெக்கெய்ன் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். எழுந்து நின்ற ஒரு பெண், ஒபாமாவை நம்ப முடியாது, அவர் ஒரு அரபியர் என்றார். மெக்கெய்ன் மைக்கை வாங்கிக்கொண்டு, இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், நாட்டின் குடிமகன், அடிப்படை விஷயங்களில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். அரபியர் என்றால் நல்லவராக இருக்க முடியாதா என்று அந்தப் பதிலிலும் பிறகு குறை கண்டார்கள், அந்தக் கேள்வி நியாயம்தான். ஆனாலும் தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கும்போது, தனக்கு ஓட்டுப் போட வந்த கூட்டத்தின் முன்னால், அவர் எதிராளிக்காகப் பேசினார். அந்தத் தேர்தலில் தோற்றார். 2018இல் அவர் இறந்தபோது, அவர் கேட்டுக்கொண்டபடி ஒபாமா இரங்கல் உரை நிகழ்த்தினார். சொந்தக் கூட்டத்தைத் திருத்துவதுதான் கஷ்டமான வேலை. எதிர்க் கூட்டத்தைத் திட்ட யாருக்குத்தான் வராது? உன் நண்பர்கள் குழுவில் அடுத்த முறை யாராவது அந்த மாதிரி எழுதினால், “கொள்கையைப் பேசு, ஆளை விடு” என்று நீ ஒரு வரி போட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நாலு பேர் உன்னை எதிர்க்கட்சிக்காரன் என்பார்கள். பரவாயில்லை.

சரி, இப்போது காரியத்துக்கு வருகிறேன். சித்தப்பாவுக்கு அடுத்த மாதம் கண்ணில் ஆபரேஷன். அதற்கப்புறம் கொஞ்ச நாள் போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதினால் படிக்க முடியாது, கூப்பிட்டால்தான் பேசலாம். அந்த வரிக்கு மட்டும் வருத்தம் தெரிவி. கருத்துக்குத் தெரிவிக்க வேண்டாம், அவரும் எதிர்பார்க்கமாட்டார். அவர் அரசியலை இழுத்தால் ஒதுங்காதே, பேசு. ஆனால் மறுப்பதற்கு முன்னால், “எதை வைத்து அப்படி நினைக்கிறீர்கள் சித்தப்பா?” என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, அவர் முடிக்கும் வரை பொறு. குழுவில் மறுபடி சேர்வதும் சேராததும் உன் இஷ்டம். அது ஒன்றும் நம் வீடு இல்லை.

அப்புறம், இட ஒதுக்கீடு பற்றி நீ போன வாரம் எனக்கு அனுப்பிய கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டேன். கடைசிப் பகுதியில் எனக்கு உடன்பாடே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரம் ஒதுக்கி வைத்துக்கொண்டு கூப்பிடு, விடப்போவதில்லை.

அன்புடன்,
அம்மா