அப்ரைசல் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள்

குழுக்களை நடத்தும் மேலாளர்களுக்கும், அவர்கள் கையில் அப்ரைசல் படிவத்தை, அதாவது வருடாந்தர வேலை மதிப்பீட்டுப் படிவத்தைக் கொடுக்கும் மனிதவளத் துறையினருக்கும் வணக்கம்.

வேலையில் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தபோது, அப்ரைசல் கூட்டத்தில் என் மேலாளர் ஒன்று சொன்னார்: "வாடிக்கையாளர்கிட்ட பேசும்போது தடுமாறுறீங்க." எப்போது என்று கேட்டேன். பத்து மாதத்துக்கு முன்னால் நடந்த ஒரு கூட்டத்தைக் குறிப்பிட்டார். எனக்கு அது மங்கலாகத்தான் நினைவில் இருந்தது. அதற்கப்புறம் அதே வாடிக்கையாளரோடு இருபது முறையாவது பேசியிருப்பேன். அந்த இருபது முறையும் தடுமாறினேனா, இல்லை அந்த ஒரு நாள் மட்டுமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே கூப்பிட்டு இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால், திருத்திக்கொள்ள இருபது வாய்ப்பு கிடைத்திருக்கும். அதற்குப் பதிலாகக் குறைந்த ரேட்டிங் கிடைத்தது.

சில வருடங்களில் நானே ஒரு டீமுக்கு மேலாளரானேன். அதே தவறை நானும் செய்தேன். டீமில் ஒரு பெண் நன்றாக உழைப்பார், ஆனால் அவர் எழுதும் அறிக்கையில் முடிவு என்ன என்பது கடைசிப் பக்கத்தில்தான் வரும். மேலிடத்துக்கு அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் நானே அதை மாற்றி எழுதுவேன். அவரிடம் சொன்னதில்லை. மனசு நோகுமே என்ற தயக்கம், நேரமில்லை என்ற சாக்கு. வருடக் கடைசியில் படிவத்தில் மட்டும் 'அறிக்கை எழுதும் திறன் மேம்பட வேண்டும்' என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "இத்தனை நாள் நீங்க திருத்தினதை ஒரு தடவைகூட எனக்குக் காட்டலையே, ஏன்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் அப்ரைசல் எப்படி வேலை செய்கிறது என்று ஹெர்பர்ட் மேயர், இமானுவேல் கே, ஜான் ஃப்ரெஞ்ச் ஆகிய மூவர் ஆராய்ந்து, 1965-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதினார்கள். எந்த விஷயத்தில் ஒருவரை அதிகமாகக் குறை சொன்னார்களோ, அந்த விஷயத்தில்தான் அவர் பிறகு குறைவாக முன்னேறியிருந்தார். பொதுவாகப் பாராட்டியதால் பெரிய பலன் எதுவும் இல்லை. குறிப்பான இலக்கு வைத்துப் பேசிய இடங்களில் பலன் இருந்தது. ஒருவரை வளர்த்தெடுப்பது அன்றாடம் நடக்க வேண்டிய வேலை, வருடத்துக்கு ஒருமுறை செய்வதல்ல என்பது அவர்கள் முடிவு. சம்பளப் பேச்சையும் வளர்ச்சிப் பேச்சையும் ஒரே கூட்டத்தில் வைக்காதீர்கள் என்றும் சொன்னார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் எத்தனையோ அலுவலகங்களில் இரண்டும் ஒரே அறையில், ஒரே அரை மணி நேரத்தில்தான் நடக்கின்றன.

அந்த அரை மணி நேரத்தை மேஜைக்கு ஊழியர் பக்கம் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். சம்பள உயர்வு எவ்வளவு என்று சொல்லும்வரை காது அந்த எண்ணுக்காகக் காத்திருக்கும். சொன்ன பிறகு மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். நடுவில் நீங்கள் அக்கறையோடு சொல்லும் ஆலோசனை எங்கே போய்ச் சேரும்? ஊழியர் தன்னைத் தானே மதிப்பிட்டு எழுதும் செல்ஃப் அப்ரைசலும் அப்படித்தான். பணத்தை முடிவு செய்யும் தாளில் தன் பலவீனத்தை யார் மனம்விட்டு எழுதுவார்? எல்லோரும் வக்கீல் மாதிரி தன் கட்சியைத்தான் வாதாடுவார்கள். பழைய மெயில்களைத் தோண்டிச் சாதனைகளைப் பொறுக்குவதிலேயே இரண்டு நாள் போய்விடும். பாவம், மேலாளருக்கும் கடைசி இரண்டு மாதம் நடந்ததுதான் பளிச்சென்று நினைவில் இருக்கும்.

கருத்துச் சொன்னாலே நல்லது நடந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இருவர் அதுவரை வந்த ஃபீட்பேக் ஆய்வுகளைத் திரட்டி 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் ஃபீட்பேக்கால் வேலை மேம்படுகிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் வேலை முன்பைவிட மோசமாகியிருக்கிறது. கேட்பவரின் கவனம் வேலையிலிருந்து 'நான் எப்படிப்பட்டவன்' என்ற கேள்விக்குத் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

அதனால் எப்படிச் சொல்கிறோம் என்பது ரொம்ப முக்கியம். 'உங்கள் எழுத்தில் தெளிவு இல்லை' என்றால் அது ஆளைப் பற்றிய தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு நாளைக் காலை அவரால் எதுவும் செய்ய முடியாது. 'நேற்றைய அறிக்கையில் முடிவு ஏழாம் பக்கத்தில் இருந்தது, படிப்பவர் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார், அடுத்ததில் முடிவை மேலே வையுங்கள்' என்றால் நாளைக் காலையே செய்துவிடலாம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் போதும். பாராட்டுக்கும் இதே அளவுகோல்தான். 'சூப்பர்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதை மறுபடி செய்வது என்று அவருக்குத் தெரியாது.

எட்டுப் பேர் டீமில் இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். ஆளுக்கு வாரம் பத்து நிமிடம் என்றால் மொத்தம் எண்பது நிமிடம். அந்தப் பெண்ணின் அறிக்கைகளைத் திருத்த நான் செலவழித்தது இதைவிட அதிகம், அதுவும் அவர் ஒருவருக்காக மட்டும்.

இன்னொரு விஷயமும் மனசை உறுத்துகிறது, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. மேலாளரோடு சகஜமாகப் பழகுகிறவர்களுக்கு ஃபீட்பேக் தானாகவே கிடைத்துவிடுகிறது. நடந்து போகும்போது, கூட்டம் முடிந்து வெளியே வரும்போது, 'அதை அப்படிச் சொல்லியிருக்கலாமே' என்று ஒரு வார்த்தை. கூச்ச சுபாவம் உள்ளவர்கள், தூரத்திலிருந்து வேலை செய்கிறவர்கள், புதிதாக வந்தவர்கள் ஆகியோருக்கு அது கிடைப்பதில்லை. அவர்களுக்கு அப்ரைசல் படிவம் மட்டும்தான். இரண்டு மூன்று வருடத்தில் ஒருவர் மேலே போய்விடுகிறார், இன்னொருவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். நாம் அதைத் திறமை வித்தியாசம் என்று எழுதிவிடுகிறோம்.

டீமில் இத்தனை பேர் மேலே, இத்தனை பேர் கீழே என்று முன்கூட்டியே பங்கு வைத்து ரேட்டிங் கொடுக்கும் பெல் கர்வ் முறை பற்றி மனிதவளத் துறையினரிடம் ஒரு வார்த்தை. எட்டுப் பேரையும் நீங்களே தேர்வு வைத்து, பல பேரைக் கழித்து எடுத்தீர்கள். அந்த எட்டுப் பேருக்குள் ஒருவர் கட்டாயம் மோசமாக இருந்தே ஆக வேண்டும் என்பதற்குக் புள்ளியியலில் எந்த நியாயமும் இல்லை. அந்தப் பெயரை எழுத வேண்டிய மேலாளர், காரணத்தைத் தேடிப் பிடிக்கிறார். பத்து மாதப் பழைய கூட்டங்கள் அப்போதுதான் நினைவுக்கு வருகின்றன. அடோபி 2012-இல் வருடாந்தர அப்ரைசலையே விட்டது. மைக்ரோசாஃப்ட் 2013-இல் ஊழியர்களை வரிசைப்படுத்தும் முறையைக் கைவிட்டது. ஆனால் ரேட்டிங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டாலும் நல்லதில்லை. எண்ணும் இல்லை, பேச்சும் இல்லை என்றால் ஊழியர் முழு இருட்டில்தான் இருப்பார்.

சரி, எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. சம்பளக் கூட்டத்துக்கும் வளர்ச்சிப் பேச்சுக்கும் நடுவே இரண்டு மாதமாவது இடைவெளி விடுங்கள். ப்ரோமோஷனுக்கு என்ன வேண்டும் என்பதை வருடத் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுங்கள். அப்புறம், இப்போது இருக்கும் படிவத்தில் ஒரே ஒரு கட்டம் சேருங்கள். மேலாளர் எழுதும் ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில், 'இதை இவரிடம் முதன்முதலில் எந்தத் தேதியில் சொன்னீர்கள்?' என்று கேளுங்கள். தேதி இல்லாத குறையை ரேட்டிங்கில் கணக்கில் எடுக்காதீர்கள்.

படிவம் மாறும்வரை நான் என் நோட்டிலேயே அந்தத் தேதிகளை எழுதி வைக்கிறேன். அந்தப் பெண்ணின் அடுத்த அறிக்கையை நான் திருத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முடிவு எங்கே வர வேண்டும் என்று காட்டினேன். கால் மணி நேரம் ஆனது. அதற்கடுத்த அறிக்கையில் முடிவு முதல் பத்தியில் இருந்தது.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு மேலாளர்