எண்ணெய்க் குளியலுக்கு முந்தின ராத்திரி: தீபாவளிக்கு ஊர் வரும் நண்பர்களுக்குத் திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளே,

சென்னை, பெங்களூர், திருப்பூர் என்று பிரிந்து கிடக்கிற நீங்கள் இன்னும் சில நாளில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குவீர்கள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி எல்லோரும் ஒன்றாகக் குடிக்க உட்காருவோம். வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கிற அந்த மூன்று மணி நேரம் எங்களுக்கும் வேண்டும். ஒரே ஒரு கோரிக்கைதான்: இந்தத் தடவை ஆறு மணிக்கே ஆரம்பித்து ஒன்பதுக்கு முடித்துவிடுவோம்.

காரணம், காலை நாலு மணி எண்ணெய்க் குளியல். அது முடிந்ததும் கறிக்கடை வரிசைக்கு பைக்கை எடுக்கப்போவது நீங்கள்தான். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடைக்கு ஏறக்குறைய 60 கிராம். 70 கிலோ ஆளுக்கு ரத்தத்தில் 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் வரை ஏறும். கல்லீரல் மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் கழிக்கும். ஒன்பதுக்கு முடித்தால் நாலு மணிக்கு 15-க்குப் பக்கம் வந்திருக்கும். பதினொன்றுக்கு முடித்தால் அப்போதும் 45 இருக்கும். வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பது 30. மீறினால் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எலுமிச்சை, மோர், கட்டங்காப்பி, தலையில் ஊற்றுகிற பச்சைத் தண்ணீர் எதுவும் இந்தக் கணக்கை ஒரு நிமிஷம்கூடக் குறைக்காது. ஒல்லியானவருக்கு இன்னும் அதிகமாக ஏறும்.

'பீர்தானே' என்பவர்களுக்கும் கணக்கு உண்டு. எட்டு சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லியில் 41 கிராம். இரண்டு பாட்டில் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிடும்.

கடை பகல் பன்னிரண்டு முதல் இரவு பத்து வரை. மத்தியானமே வாங்கிவிடுவோம். பத்துக்கு மேல் பிளாக்கில் வருகிற பாட்டிலும், யாரோ கொண்டுவருகிற சாராயமும் வேண்டவே வேண்டாம். மெத்தனால் என்கிற விஷச் சாராயம் கலந்திருந்தால் ருசியில் தெரியாது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது அதனால்தான்.

கிணற்றடி வேண்டாம். சதுர்த்தசி இருட்டு, ஐப்பசி ஈரம், தோட்டத்துக் கிணறு பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை போதும். ராத்திரி பஸ்ஸில் தூங்காமல் வந்தவர் மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வாருங்கள். தூக்கக்குறை இருந்தால் ஒரு கட்டிங்கே (அரை குவார்ட்டர்) ஆளைச் சாய்க்கும். முதல் டம்ளருக்கு முன்னால் புரோட்டாவோ இட்லியோ வயிற்றில் இருக்கட்டும். மிக்சரும் ஊறுகாயும் சாப்பாடு ஆகாது, உப்பு தாகத்தைத்தான் கூட்டும்.

மிக முக்கியமானது மாத்திரை. குடியை நிறுத்த டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவர் நம்மில் யார் என்று நமக்குத் தெரியாது. 'ஒரு மூடிதானே' என்று வற்புறுத்தினாலோ, கூல்டிரிங்ஸில் ரகசியமாகக் கலந்தாலோ முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இது நடக்கலாம். வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்காதீர்கள். அவருக்குப் பன்னீர் சோடா வாங்கி வைப்பது எங்கள் பொறுப்பு.

சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், உளறல். பார்ப்பவர்களுக்குப் போதை மாதிரியே இருக்கும், 'மட்டையாயிட்டான், விடு' என்று படுக்க வைத்துவிடுவார்கள். நினைவு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

எழுப்பியும் எழாதவரை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருந்து, 108-ஐ அழையுங்கள். அவர் வீட்டுக்கு என்ன சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். திரும்பக் கொண்டுபோய் விட ஆட்டோவுக்குச் சொல்லி வைக்கிறோம்.

அன்புடன்,
ஊரிலேயே இருக்கும் நண்பர்கள்