கல்லெறிந்தவர்கள் என்று எப்படி எழுதினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் அமெரிக்க மாணவர் போராட்டங்களைப் பற்றி வந்த கட்டுரையில், 'கென்ட் ஸ்டேட்டில் கல்லெறிந்து கலாட்டா செய்த 4 மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1970 மே மாதம், ஒஹையோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது தேசியக் காவல் படை என்ற ராணுவப் பிரிவு சுட்டு இறந்த அந்த நால்வரில் சாண்ட்ரா ஷோயர் வகுப்புக்கு நடந்து போனவர். வில்லியம் ஷ்ரோடர் ராணுவ அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்திருந்த பையன். இரண்டு பேருமே போராட்டத்தில் கலந்துகொள்ளவில்லை. உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

என் மகன் பக்கத்து ஊரான ஆக்ரனில் வேலை பார்த்தபோது அந்த வளாகத்துக்குப் போயிருக்கிறேன். கார் நிறுத்துமிடத்தில் அவர்கள் விழுந்த இடங்களைச் சுற்றிச் சிறு கம்பங்கள் நட்டு, யாரும் வண்டி நிறுத்த முடியாமல் மறித்து வைத்திருக்கிறார்கள். ஷோயர் விழுந்த இடத்தில் நின்று, தேசியக் காவல் படையினர் சுட்ட மேட்டைத் திரும்பிப் பார்த்தேன். நூறு மீட்டருக்கும் மேல் இருக்கும். அங்கிருந்து எவ்வளவு பலசாலி கல்லெறிந்தாலும் மேட்டுக்குப் போய்ச் சேராது, ஆசிரியர் அவர்களே.

மகன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா 1970-இல் பள்ளிக்கூடச் சிறுமி. சுட்ட அன்று ராத்திரி சாப்பிடும்போது, 'இன்னும் நாலு பேரைச் சுட்டிருக்கணும்' என்று அவருடைய அப்பாவே சொன்னாராம். அதை என்னிடம் சொல்லும்போது அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். அந்த அப்பா மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் பேசியது. அந்த மாதம் எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்கள் மேல்தான் பழி போட்டார்கள், படையினரைக் குறை சொன்னவர்கள் 11 சதவீதம். மே 8-ஆம் தேதி நியூயார்க்கில் கட்டடத் தொழிலாளர்கள் ஹெல்மெட்டோடு வந்து, செத்தவர்களுக்காகக் கூடிய மாணவர்களை அடித்து நொறுக்கினார்கள். அதற்கு ஒரு வாரம் கழித்து மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு அரை வரிகூட இல்லையே, ஏன்?

2024-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் காஸா போரை எதிர்த்துக் கூடாரம் போட்டபோதும் 'படிக்கப் போன இடத்தில் இவர்களுக்கு எதற்கு அரசியல்' என்றுதான் எழுதினீர்கள். அன்றைக்கே கடிதம் போட்டேன், நீங்கள் வெளியிடவில்லை. சரி, இடமில்லாமல் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் 1970-இல் வியட்நாமுக்குப் போய்ச் சாகும் வயசில் இருந்த பிள்ளைகள், அந்தப் போரைக் கம்போடியாவுக்கும் நீட்டுகிறோம் என்று அதிபர் நிக்சன் அறிவித்த பிறகும் வாயை மூடிக்கொண்டு பாடம் படித்திருக்க வேண்டுமா? இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் நான், எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டு, இறந்தவர்களின் பெயர்களையும் அச்சிடுங்கள்: ஆலிசன் க்ரௌஸ், ஜெஃப்ரி மில்லர், சாண்ட்ரா ஷோயர், வில்லியம் ஷ்ரோடர். ஜாக்சன் ஸ்டேட்டில் பிலிப் கிப்ஸ், ஜேம்ஸ் ஏர்ல் கிரீன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, திருச்சி