வீடு திரும்பும் மகளைத் தோற்றவளாகக் கருதலாகாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத் தோட்டங்களிலிருந்து துறவற சபைகளில் சேரும் இளம்பெண்களுள் சிலர் பயிற்சியின் இடையிலே வீடு திரும்பும்போது, அவர்களைப் பற்றி எங்கள் பகுதியில் பேசப்படும் பேச்சு என்னை மிகவும் வருத்துவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒரு பெண் மடத்தில் சேரும் நாளில் எங்கள் ஆலயத்தைச் சேர்ந்த பங்குச் சமூகம் முழுவதும் பெருமைப்படுகிறது. லயம் எனப்படும் தோட்டத்து வரிசைவீட்டு வாசலில் பந்தல் போட்டு, மாலை அணிவித்து, பங்குத்தந்தையின் ஆசீரோடு அவளை அனுப்பிவைக்கிறோம். அதே பெண் ஓரிரு ஆண்டுகளில் பெட்டியோடு திரும்பி வந்தால், ஏதோ பிழை செய்து வெளியேற்றப்பட்டவள் என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். பின்னர் அவளுக்குக் கல்யாணம் பேசும் இடத்திலும் இதையே கிளறுகிறார்கள். துறவறப் பயிற்சி என்பது என்ன, அது எத்தனை படிகளைக் கொண்டது, எந்தக் கட்டத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன சுதந்திரம் உண்டு என்பவற்றை நம் குடும்பங்களுக்கு எவரும் விளக்காததே இதற்குப் பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

குருத்துவப் பயிற்சியைப் பற்றி நம் மக்கள் ஓரளவு அறிவார்கள். கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசரின் விருப்பப்படி 1893இல் குருமடம் தொடங்கப்பட்ட காலந்தொட்டு, குருவாக விரும்புகிறவன் பல ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் கற்க வேண்டும் என்பது தோட்டத்துப் பாட்டிமாருக்கும் தெரிந்த செய்தி. பெண்பிள்ளைகள் விடயத்திலோ, மடத்து வாசலைக் கடந்தவுடன் ஒருத்தி சிஸ்டர் ஆகிவிட்டாள் என்றே நினைக்கிறோம்.

உண்மையில் முதலில் சேருகிறவர் ‘ஆஸ்பிரன்ட்’ எனப்படும் விருப்பநிலையில் இருக்கிறார். சகோதரிமாரோடு தங்கி, அவர்களுடைய செபத்தையும் வேலையையும் அருகிலிருந்து பார்க்கும் காலம் அது. அதற்கடுத்த ‘போஸ்டுலன்ட்’ நிலையில் பயிற்சி சற்று ஒழுங்குபடுகிறது. இவ்விரண்டு நிலைகளும் எவ்வளவு காலம் நீடிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு சபையும் தன் சட்டங்களில் வகுத்துக்கொள்கிறது. இக்காலத்தில் அப்பெண், கடவுளுக்குக் கொடுக்கும் உறுதிமொழியாகிய வார்த்தைப்பாடு எதையும் கொடுத்திருப்பதில்லை. இந்தக் கட்டத்தில் ஒருத்தி திரும்பி வந்தால், அவள் எதையும் முறித்துக்கொண்டு வரவில்லை என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு, முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் வரும் முறையான பயிற்சிக் காலமே நவசந்நியாசம். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதைப் பற்றி மிகக் கவனமாகப் பேசுகிறது. 17 வயது நிறையாத ஒருவரை நவசந்நியாசத்தில் சேர்த்தால் அது செல்லாது. அதற்கென்று குறிக்கப்பட்ட இல்லத்திலேயே 12 மாதங்கள் வாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதை நீட்டலாகாது. ஒருவரின் தகுதி பற்றி ஐயம் இருந்தால் மட்டும் ஆறு மாதங்கள் வரை கூட்டலாம். அந்த இல்லத்தைவிட்டு மூன்று மாதங்களுக்கு மேல், தொடர்ந்தோ விட்டுவிட்டோ, வெளியே இருந்தால் நவசந்நியாசமே செல்லாததாகிவிடும். 15 நாட்களுக்கு மேற்பட்டால் அந்த நாட்களை ஈடுசெய்ய வேண்டும். கோயில் திருவிழாவுக்கும் தம்பியின் கல்யாணத்துக்கும் மகளை அனுப்பவில்லை என்று பெற்றோர் மடத்தோடு மனத்தாங்கல் கொள்வதை நான் கண்டிருக்கிறேன். அந்தக் கண்டிப்பின் பின்னால் இப்படியொரு சட்டம் இருப்பதை முன்கூட்டியே யாராவது அவர்களுக்குச் சொல்லியிருந்தால் அந்த மனத்தாங்கல் வந்திராது. அதேவேளை, பெற்றவர்களின் சாவு போன்ற வேளைகளில் ஒரு பெண் சில நாட்கள் வீட்டுக்கு வந்துபோவதை இச்சட்டம் தடுக்கவில்லை என்பதையும் பயிற்சிக்குப் பொறுப்பான சகோதரிமார் தாராள மனத்தோடு நினைவிற்கொள்ள வேண்டும்.

நவசந்நியாசத்தின் நோக்கத்தையும் அதே சட்டத் தொகுப்பு கூறுகிறது. நவசந்நியாசிகள் தங்கள் இறையழைத்தலை நன்கு உணர்ந்துகொள்ளவும், அந்தச் சபையின் வாழ்க்கை முறையை வாழ்ந்து பார்க்கவும், அவர்களுடைய எண்ணமும் தகுதியும் சோதித்தறியப்படவும் ஏற்பட்ட காலம் அது. நவசந்நியாசி எவரும் தாமாகவே சபையைவிட்டு விலகலாம். சபையும் அவரை அனுப்பிவிடலாம். இரு தரப்புக்கும் இந்த உரிமை வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கும்போது, விலகிய பெண்ணைக் குற்றவாளியாக்குவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

முதல் வார்த்தைப்பாட்டுக்குப் பிறகும் இந்தச் சோதித்தறிதல் தொடர்கிறது. 18 வயது நிறைந்தவர் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடுகளை மூன்று முதல் ஆறு ஆண்டுகள் வரையான ஒரு காலத்துக்கே முதலில் கொடுக்கிறார். தேவைப்பட்டால் அக்காலத்தை மொத்தம் ஒன்பது ஆண்டுகள் வரை நீட்டலாம். அந்தத் தவணை முடியும்போது எவரும் விலகிச் செல்லலாம். வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்குக் குறைந்தது 21 வயதாகியிருக்க வேண்டும். நம்முடையதைப் போன்ற தேயிலை மலையாகிய டார்ஜிலிங்கில் நவசந்நியாசம் செய்த அன்னை தெரேசா 1931இல் முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு அவர் 1937 வரை காத்திருந்தார். நம் ஆலயங்களில் சுரூபம் வைத்து வணங்கும் குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் 15 வயதில் கார்மேல் மடத்தில் நுழைந்தவர். இன்றைய சட்டப்படி அவர் அந்த வயதில் நவசந்நியாசத்தையே தொடங்கியிருக்க முடியாது. அவருக்கும் 1889இல் துறவற உடை கிடைத்த பின் வார்த்தைப்பாடு தள்ளிப்போடப்பட்டு, 1890 செப்டெம்பரில்தான் நிறைவேறியது. அடைபட்ட மடங்களில் செபவாழ்வு வாழும் கன்னியருக்கு 2018இல் வத்திக்கான் வெளியிட்ட விதிகள், தொடக்கப் பயிற்சி ஒன்பது ஆண்டுகளுக்குக் குறையாமலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கின்றன.

நம் மலையகத்துக்கே உரிய சில சிக்கல்களையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. பிள்ளை நோயில் கிடந்தபோது ‘பிழைத்தால் மடத்துக்குக் கொடுக்கிறேன்’ என்று நேர்ந்துகொண்ட தாய்மார் நம்மிடையே உண்டு. அவர்களுடைய விசுவாசத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அந்த நேர்த்தி மகளைக் கட்டுப்படுத்தாது. வற்புறுத்தலாலோ பெரும் அச்சத்தாலோ ஏமாற்றத்தாலோ ஒருவர் நவசந்நியாசத்தில் நுழைந்தால் அது செல்லாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள், தோட்டச் சம்பளத்தில் மூவரையும் கரைசேர்க்க முடியாது, ஒருத்தியாவது மடத்தில் நன்றாக இருக்கட்டும் என்ற எண்ணத்தோடு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். வறுமையில் பிறக்கும் அந்த எண்ணத்தைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சுமையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும் பெண், தனக்கு அழைத்தல் இல்லை என்று உணர்ந்த பின்னும் வாய் திறக்கத் தயங்குவாள். வீட்டின் கதவு தனக்குத் திறந்திருக்கிறது என்று அறிந்தவளே, தங்குவதா திரும்புவதா என்பதைச் சுதந்திரமாக முடிவு செய்ய முடியும்.

சபைகளை நடத்தும் அருட்சகோதரிகளிடமும் எனக்குச் சில பணிவான வேண்டுகோள்கள் உண்டு. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகளை அழைத்துக்கொள்ளாமல், உயர்தரத்தை முடிக்கும் வரை பொறுத்திருங்கள். இடையில் திரும்ப நேர்ந்தால் ஆசிரியத் தொழிலுக்கோ தாதியர் பயிற்சிக்கோ விண்ணப்பிக்க அந்தச் சான்றிதழே அவளுக்குக் கைகொடுக்கும். சிங்களமும் ஆங்கிலமும் புழங்கும் இல்லத்துக்கு நுவரெலியாவிலிருந்தும் பதுளையிலிருந்தும் வரும் பிள்ளைக்கு, தன் உள்ளத்தைத் தமிழில் திறந்து பேச ஒரு சகோதரியாவது அங்கே இருக்க வேண்டும். மொழி தெரியாத மௌனத்தைக் கீழ்ப்படிதலாகவோ பிடிவாதமாகவோ எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. முதல் வார்த்தைப்பாடு கொடுத்த இளம் சகோதரிகளிடம் பாலர் பாடசாலையையும் மாணவியர் விடுதியையும் உடனே ஒப்படைத்துவிடுவது, பயிற்சிக்குத் தடையாகும் பணிகளை இக்காலத்தில் கொடுக்கலாகாது என்ற திருச்சபைச் சட்டத்தோடு பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. சபையைவிட்டுச் செல்கிறவர் தாம் செய்த வேலைக்காக எதையும் உரிமையாகக் கோர முடியாது. ஆயினும் அவரிடம் நீதியோடும் நற்செய்தி அன்போடும் நடந்துகொள்ளும்படி அதே சட்டம் சபையைப் பணிக்கிறது. அந்த அன்பு பேருந்துக் கட்டணத்தோடு முடிந்துவிடலாகாது. ஒரு தொழிற்பயிற்சிக்கான உதவி, ஒரு நற்சான்றுக் கடிதம், பங்குத்தந்தைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு என்று அது சில மாதங்களாவது தொடர வேண்டும்.

ஆண்டுதோறும் உயிர்ப்புப் பெருவிழாவோடு தொடங்கும் பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறன்று நம் பங்குகளில் இறையழைத்தலுக்காகச் செபிக்கிறோம். கண்டி, பதுளை மறைமாவட்டங்களின் தமிழ்ப் பங்குகளில் அன்றைய திருப்பலிக்குப் பின் பெற்றோரை அமர்த்தி, இந்தப் பயிற்சிப் படிகளையும் ஒவ்வொரு படியிலும் விலகிக்கொள்வதற்கு உள்ள உரிமையையும் ஓர் அருட்சகோதரி தமிழில் விளக்கிச் சொல்ல பங்குத்தந்தையர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். திரும்பி வந்த பெண்களுள் விரும்புகிறவர்களை மறைக்கல்வி ஆசிரியைகளாகவும் பாடகர் குழுவிலும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுமாறும் பங்குத்தந்தையரை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மறைக்கல்வி ஆசிரியை ஒருவர்,
அட்டன்.