பள்ளி நூலக ஆதரவுக் குழு: செயலாளரோட ஆண்டறிக்கை

உறுப்பினர்கள், பெற்றோர், டீச்சர்ஸ் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு கணக்கை பொருளாளர் தனியா வாசிப்பாரு, அதனால நான் நேரா வேலை விஷயத்துக்கு வந்துடறேன். தொடக்கப்பள்ளி நூலகத்துல பிள்ளைங்க வாசிக்கிறதோட நிக்காம சொந்தமா ஏதாவது செஞ்சு பாக்கணும், அதுக்கு கம்ப்யூட்டரும் கேமராவும் உதவணும்னுதான் போன பொதுக்குழுல முடிவு பண்ணோம். இதை ஏன் கம்ப்யூட்டர் ரூம்லயே வச்சுக்கக் கூடாதுன்னு சிலர் கேட்டீங்க, நியாயமான கேள்விதான். நூலகத்துல மார்க் கிடையாது, மூணாவது படிக்கிற பிள்ளையும் அஞ்சாவது படிக்கிற பிள்ளையும் ஒரே மேஜைல உக்காரலாம், கதைக்கு ஐடியா வேணும்னா கை நீட்டுற தூரத்துல அலமாரி இருக்கு. கம்ப்யூட்டர் ரூம்ல இது எதுவும் நடக்காது.

இந்த வருஷம் ரொம்ப நல்லா ஓடுனது ஸ்டாப் மோஷன். களிமண் பொம்மையை கொஞ்சம் கொஞ்சமா நகத்தி ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ எடுத்து கோத்தா பொம்மை நடக்குற மாதிரி தெரியும், அவ்வளவுதான் விஷயம். சினிமால செகண்டுக்கு 24 படம், நாங்க பிள்ளைங்களுக்கு 8 போதும்னு வச்சோம். அப்பவும் பத்து செகண்ட் கதைக்கு 80 போட்டோ வேணும். இந்தக் கணக்கை யாரும் போர்டுல எழுதிப் போடல, ஒரு நிமிஷப் படம் எடுக்கலாம்னு வந்த பிள்ளைங்க தாங்களே பெருக்கிப் பாத்து 480னு வந்ததும் கதையை சுருக்க ஆரம்பிச்சுட்டாங்க. எடிட்டிங்னா என்னன்னு அதுக்கு மேல விளக்க வேண்டியதே இல்ல. முதல்ல கட்டம் போட்டு பேப்பர்ல காட்சி காட்சியா வரைஞ்சு நூலகர் டீச்சர்கிட்ட காமிச்சாதான் கேமரா கைக்கு வரும்னு ஒரு ரூல் வச்சோம், ஆரம்பத்துல முனகுனாங்க, அப்புறம் பேப்பர் வேலைதான் அவங்களுக்கு அதிகம் பிடிச்சுப்போச்சு. நாட்டுப்புறக் கதை அலமாரி இதனாலயே காலியாச்சு. கம்ப்யூட்டர் வந்தா புத்தகம் எடுக்குறது குறைஞ்சுடும்னு கவலைப்பட்டவங்க இரவல் ரிஜிஸ்டரை ஒரு தடவை புரட்டிப் பாக்கலாம்.

அடுத்தது ஸ்க்ராட்ச், கட்டளைக் கட்டையை ஒண்ணோட ஒண்ணு கோத்து கதையும் விளையாட்டும் செய்யுற கம்ப்யூட்டர் மொழி. அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்தோட மீடியா லேப்ல உருவாக்கி 2007ல வெளியிட்டாங்க, 8 வயசுக்கு மேல உள்ளவங்களை மனசுல வச்சு செஞ்சது. ஒண்ணாவது ரெண்டாவது பிள்ளைங்களுக்கு 2014ல வந்த ஸ்க்ராட்ச் ஜூனியர் சரியா இருக்கு, அதுல கட்டளைக் கட்டை எல்லாம் படமா இருக்குறதால இன்னும் சரளமா வாசிக்கத் தெரியாத பிள்ளையும் தானே செய்யலாம். எங்க பிள்ளைக்கு அக்கவுண்ட் வேணுமான்னு நிறைய பேர் கேட்டீங்க, வேண்டாம், அக்கவுண்ட் இல்லாமலே செஞ்சு கம்ப்யூட்டர்லயே சேமிக்கலாம், நெட் இல்லாம ஓடுற செயலியும் இருக்கு, நாங்க அதைத்தான் போட்டு வச்சிருக்கோம்.

ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேர்னு உக்கார வச்சோம், ஒருத்தர் மவுஸ் பிடிக்கணும் இன்னொருத்தர் வழி சொல்லணும், மணி அடிச்சா மாறிக்கணும். மணி வர்றதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னா வேகமா கை நீட்டுற பிள்ளையே கடைசி வரை மவுஸ் வச்சிருக்கும், மத்தது வேடிக்கை பாக்கும், பல ஜோடில வேடிக்கை பாத்தது பொம்பளப் பிள்ளை. புதுசா மெஷின் வாங்குறதவிட இந்த மணி அதிகமா வேலை செஞ்சுச்சுன்னு நான் தைரியமா சொல்வேன்.

தமிழ் டைப்பிங்ல தமிழ்99 விசைப்பலகையையே சொல்லிக் குடுத்தோம். இங்கிலீஷ்ல அடிச்சா தமிழா மாறுதே அது போதாதான்னு ஒரு பேச்சு வந்துச்சு. தமிழே இப்பதான் எழுதப் பழகுற பிள்ளை ஏன் இங்கிலீஷ் வழியா சுத்தி வரணும்ங்கிறது என் கருத்து. தமிழ்99ல உயிரெழுத்து ஒரு பக்கம் மெய் ஒரு பக்கம், அம்மான்னு அடிக்க அ, ம, ம, ஆ, நாலே தட்டு, புள்ளி தானா விழுந்துடும், பந்துக்கும் அதே மாதிரி ந பக்கத்துல த வந்தா புள்ளி வந்துடும். பிள்ளைங்களுக்கு இது மேஜிக் மாதிரி, நமக்குத்தான் கை வரல.

கரண்ட் இல்லாத நாளும் சும்மா போகல. நியூசிலாந்துல கேன்டர்பரி பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச, கம்ப்யூட்டரே இல்லாம கம்ப்யூட்டர் பாடம் சொல்ற விளையாட்டு இருக்கு. 1, 2, 4, 8, 16னு புள்ளி வச்ச அட்டையை அஞ்சு பேர் பிடிச்சு நிக்கணும், சில அட்டையை காட்டி சிலதை மறைச்சு, தெரியுற புள்ளியை கூட்டுனா 0ல இருந்து 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். ரெண்டாவது பிள்ளைங்க பெரியவங்களை தோக்கடிச்சாங்க, யாருன்னு கேக்காதீங்க.

கேட்டா தானே பதில் எழுதித் தர்ற ஏஐ பத்தி கமிட்டில நீளமா வாக்குவாதம் நடந்துச்சு, மறைக்க ஒண்ணும் இல்ல. யுனெஸ்கோ 2023ல குடுத்த வழிகாட்டுதல்ல வகுப்பறைல இதைப் பயன்படுத்த குறைஞ்சது 13 வயசு இருக்கணும்னு சொல்லிருக்காங்க, நம்ம பிள்ளைங்க எல்லாரும் அதுக்குக் கீழ, அதனால பிள்ளை கைல குடுக்குறதில்ல, டீச்சர் பெரிய திரைல போட்டுக் காட்டலாம்னு முடிவாச்சு. ஒரு நாள் டீச்சர் ஏஐகிட்ட நம்ம அலமாரில இருக்குற ஒரு கதைப்புத்தகத்தோட சுருக்கம் கேட்டாங்க, அது கதைல இல்லாத ஒரு தாத்தாவை சேர்த்து அழகா சொல்லுச்சு. நாலாவது படிக்கிற பிள்ளை ஓடிப்போய் புத்தகத்தை எடுத்துட்டு வந்து பக்கம் பக்கமா திருப்பி தாத்தா எங்கன்னு கேட்டுச்சு. இத்தனை நாள் தகவலை சரிபாருங்கன்னு நாம தொண்டை கிழிய சொன்னதெல்லாம் இந்த ஒரு கேள்வில அடங்கிப்போச்சு.

அடுத்தவங்க படத்தை எடுத்துப் போடுறது பத்தியும் சொல்லணும். பிள்ளைங்களுக்கு புத்தகம் போடுற பிரதம் புக்ஸ் 2015ல தொடங்குன ஸ்டோரிவீவர் தளத்துல கதைகள் திறந்த உரிமத்துல இருக்கு, மொழிபெயர்க்கலாம், மாத்தி எழுதலாம், ஆனா யாரோட கதை யாரோட படம்னு பேர் போடணும். பிள்ளைங்க செய்யுற எல்லாத்துக்கும் கடைசில பேர்ப்பட்டியல் கட்டாயம் ஆக்கிட்டோம், இப்ப களிமண் பிசைஞ்சு குடுத்தவன் பேர் கூட வருது.

வாங்குனது பத்தி சுருக்கமா. டேப்லெட் புதுசா வாங்கல, இருக்குறதுக்கே ஹெட்போன், ட்ரைபாட், மெமரி கார்டு வாங்குனோம். இன்னும் நாலு டேப்லெட் இருந்தா நல்லாருக்கும்னு சொல்றவங்க இருக்கீங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. இந்த வருஷம் வேலை நின்ன நாளெல்லாம் பக்கத்துல உக்கார பெரியவங்க வராத நாள்தான், மெஷின் பத்தாம நின்ன நாள் எனக்கு ஞாபகம் இல்ல. நூலகர் டீச்சர் ஒருத்தரே புத்தகமும் குடுத்து கேமராவும் பாக்க முடியாது.

அடுத்த வருஷத்துக்கு மைக்ரோபிட் ஆரம்பிக்கலாம்னு யோசனை. பிள்ளைங்க தாங்களே கட்டளை எழுதி இயக்குற சின்ன கம்ப்யூட்டர் போர்டு, 25 விளக்கு, ரெண்டு பட்டன், 2016ல பிபிசி பிரிட்டன்ல 11, 12 வயசுப் பிள்ளைங்களுக்கு இலவசமா குடுத்தது. நம்ம அஞ்சாவதுக்கு ஒத்து வரும், ஆனா வாரத்துல ஒரு மணி நேரம் உக்கார ஆள் உறுதியானா மட்டும் வாங்குவோம்னு கமிட்டி சொல்லிடுச்சு. நோட்டு வாசல் பக்க மேஜைல இருக்கு, பேரும் எந்தக் கிழமை வர முடியும்னும் எழுதுங்க, கம்ப்யூட்டர் தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்ல. அப்புறம் பிள்ளைங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போன ரெண்டு ட்ரைபாட் இன்னும் திரும்பி வரல, லீவு முடியுறதுக்குள்ள குடுத்துடுங்க.